முடக்கு முனியின் தலையில் இரண்டு கோடு

அழகுமுத்து மாமாவுக்கு அறுபத்தொரு வயது. நாற்பது வருஷம் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை. தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டி விடுகிற அந்த வேலையில் அவருடைய வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்துவிட்டது. தூரத்தில் வரும்போதே அவர்தான் என்று தெரியும். பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டு வருவதைக் காது கொடுத்துக் கேட்பதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பார். பக்கத்தில் யாரும் இருப்பதில்லை.

மனைவி வேலாயி இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஒரே மகள் சுலக்ஷனா அடுத்த வருஷமே குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். நோட்டன் பிரிட்ஜிலிருந்து மஸ்கெலியா போகிற பாதைக்குக் கீழே, பள்ளத்தில், பன்னிரண்டு காம்பிரா வரிசையாக ஒட்டியிருக்கிற தேயிலைத் தோட்ட லயத்தில் கடைசிக் காம்பிரா அவருடையது. ஒரு குடும்பம் முழுவதும் ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்வதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஒற்றை ஆளுக்கு அந்த அறை எவ்வளவு பெரியது என்பதை அவர் வீட்டுக்குள் போனபோதுதான் கண்டேன்.

நான் அதே தோட்டத்தின் கீழ்ப்பிரிவைச் சேர்ந்தவன். எங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. கொழுந்துக் கூடையைச் சுமந்த அம்மாவின் முதுகில் ஏறித்தான் அந்த மேடைக்குப் போனேன். இப்போது பிரதேச சபையில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். மாமாவின் கதைக்குள் நான் நுழைந்ததும் அந்த உத்தியோகத்தால்தான்.

லயத்தில் போன் கவரேஜ் கிடையாது. மலை மறைத்துக்கொள்கிறது. நூற்று நாற்பது படி ஏறிப் பாதைக்கு வந்தால், அது வளைகிற முடக்கில், மதகுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் இருக்கும். அதன் மேல் ஏறி நின்றால் நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கத்து டவரிலிருந்து இரண்டு கோடு விழும். கல்லைவிட்டு இறங்கினால் ஒரு கோடு. இரண்டடி தள்ளி நின்றால் அதுவும் இல்லை.

சுலக்ஷனா வேலை செய்கிற வீட்டில் அவளுடைய போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். வெள்ளிக்கிழமை மட்டும் அரை மணி நேரம் கையில் கொடுப்பார்கள். நம்முடைய நேரத்துக்குப் பின்னேரம் ஐந்து மணி. மாமா நாலரைக்கே கல்லின் மேல் ஏறிவிடுவார். மழையென்றால் குடையோடு நிற்பார். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஒரு வேடிக்கை.

"டேய், முடக்குல செல வச்சிருக்காங்க பாருங்கடா!" என்று கண்டக்டர் ஒருவன் வாரம் தவறாமல் கத்திக்கொண்டு போவான். மாமா அவனுக்குக் கையை ஆட்டுவார்.

அப்படி இருக்கும்போது பாதையை அகலமாக்க வந்தார்கள். அளந்துகொண்டு வந்தவர்கள் கல்லின் மேல் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரம் வந்து அதைப் பள்ளத்தில் தள்ளிவிடும். மாமா யாரிடம் போய் என்னவென்று சொல்வார்? மகளோடு பேசுகிற கல், விட்டுவிடுங்கள் என்றா? விடியற்காலையில் அவர் மட்டும் படியேறிப் போனார். கல்லைக் கழுவி மஞ்சள் பூசினார். குங்குமம் வைத்தார். சிவப்புத் துணி ஒன்றைச் சுற்றிக் கட்டி, தன்னுடைய பழைய கவ்வாத்துக் கத்தியை முன்னால் குத்தி நிறுத்தினார். கவ்வாத்து தொடங்குகிற நாளில் மலையில் ஒரு கல்லை நட்டுப் பூசை கொடுத்துவிட்டுத்தான் செடியில் கத்தியை வைப்பது எங்கள் தோட்டங்களில் வழக்கம். நாற்பது வருஷம் அந்தப் பூசையில் நின்ற மனுஷனுக்கு ஒரு கல்லைச் சாமியாக்கக் கால் மணி நேரம் போதுமாக இருந்தது.

பெக்கோ ஓட்டி வந்தவர் சிங்கள ஆள். கல்லைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினார். செருப்பைக் கழற்றினார். "அனே தெய்யனே", ஐயோ சாமியே, என்று இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார். பிறகு கல்லைச் சுற்றி வளைத்து மண்ணை வெட்டிவிட்டுப் போய்விட்டார்.

கல் தப்பியது. ஆனால் மாமா ஒன்றை யோசிக்க மறந்துபோனார். சாமியின் மேல் எப்படிக் காலை வைத்து ஏறுவது?

அந்த வெள்ளிக்கிழமை கல்லுக்குப் பக்கத்தில் நின்று பேசிப் பார்த்தார். ஒரு கோட்டில் மகளின் குரல் வெட்டி வெட்டி வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் போனைக் கல்லின் தலையில் வைத்தார். இரண்டு கோடு விழுந்தது; உயரமல்ல, அந்த இடம்தான் கணக்கு போலும். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் குனிந்து பேசிக்கொண்டிருந்தவரை, மலையிலிருந்து வேலை விட்டு வந்த மீனம்மா அக்கா பார்த்துவிட்டாள். அதே லயத்தில் மூன்றாம் காம்பிராக்காரி. கொழும்பில் கடையில் நின்ற அவளுடைய மகன் எட்டு மாதமாகப் பேச்சுமூச்சு இல்லாமல் இருந்த நேரம் அது.

"என்னாண்ணே, போனப் போயி சாமி தலையில வச்சிருக்கீங்க?"

"இல்ல தங்கச்சி… சாமிக்கிட்ட வச்சா லைன் கெடைக்குது."

அவர் சொன்னதில் சாமி என்ற சொல்லைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. மீனம்மா அக்கா தன் போனையும் எடுத்து வைத்தாள். பத்து நிமிஷத்தில் அது அடித்தது. மகன்தான். லயத்துக்குள் இருந்தபோது அவன் எத்தனை தடவை கூப்பிட்டிருந்தானோ, யாருக்குத் தெரியும். அவள் பாதையிலேயே உட்கார்ந்து அழுதாள். மறுநாள் தேங்காய் உடைத்தாள். மூன்று மாதத்தில் கல்லுக்கு முடக்கு முனி என்று பெயர் வந்துவிட்டது. பஸ்காரர்கள் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து ஒரு ஹோர்ன் அடித்துவிட்டுப் போனார்கள். மாமாவைச் சிலை என்று சொன்ன அதே கண்டக்டர் கற்பூரம் வாங்கிக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமைகளில் பதினைந்து இருபது பேர் கூடினார்கள். ஒவ்வொரு போனாக முனியின் தலையில் ஏறி இறங்கும். விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதும் விபூதி கொடுப்பதும் மாமாதான். வேலாயி அத்தை போன பிறகு அவரிடம் யாரும் உட்கார்ந்து பேசியது அந்த வெள்ளிக்கிழமைகளில்தான். "கறி என்னாண்ணே இன்னைக்கு?" "புள்ள எப்ப வருது?" என்று கேட்பார்கள். இரண்டு கேள்விக்கும் அவர் நீளமாகப் பதில் சொல்வார்.

இந்த வருஷ மழையில் அவருடைய முட்டி வீங்கிக்கொண்டது. ஜூனில் இரண்டு வெள்ளிக்கிழமை அவரால் படியேற முடியவில்லை. காம்பிராவுக்குள் போனைக் கையில் பிடித்தபடி படுத்துக் கிடந்தார். ஐந்து மணியானது, ஐந்தரையானது. போன் அடிக்காது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கையைவிட்டு வைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சபைக்கு விண்ணப்பம் ஒன்று வந்தது. தொலைபேசிக் கம்பனிகள் இப்போது பெரிய டவருக்குப் பதிலாக, வீதி விளக்குக் கம்பம் அளவுக்குச் சின்ன அலைவாங்கிக் கம்பங்களைப் பாதையோரத்தில் நடுகிறார்கள். டவுனில் சிலருடைய வாசலுக்கு நேராகவே நட்டுவிட, அங்கே ஆட்கள் சத்தம் போட்டார்கள். அதனால் புதிய சபை ஒரு துணைவிதி கொண்டுவந்தது. கம்பம் நடுவதற்கு முன் பக்கத்து வீடுகளுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஆட்சேபனைக்கு இருபத்தொரு நாள் அவகாசம், பிறகு ஒரு விசாரணை. பாடசாலைக்கோ வழிபாட்டுத் தலத்துக்கோ முப்பது மீற்றருக்குள் வந்தால் உரியவர்களின் சம்மதம் இல்லாமல் நடக்கூடாது. நல்ல விதிதான். அதைத் தமிழில் திருத்தி எழுதியதில் எனக்கும் பங்கு உண்டு.

விண்ணப்பத்தில் இருந்த இடங்களில் ஒன்று எங்கள் முடக்கு. அங்கே ஒரு கம்பம் நின்றால் கீழே லயம் முழுவதும், கடைசிக் காம்பிரா வரைக்கும் கவரேஜ் வரும். நான் அறிவித்தலோடு போனேன். லயத்துக்கு வீட்டு இலக்கம் இல்லை. தபாலில் போட்டால் பன்னிரண்டு கடிதமும் தோட்ட ஆபீசில்தான் போய்க் கிடக்கும். அதனால் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் ஒட்டினேன். பிறகு இடம் பார்க்க முடக்குக்குப் போனேன். மஞ்சளையும் குங்குமத்தையும் கண்டதும் என் கால் தானாகச் செருப்பைவிட்டு வெளியே வந்துவிட்டது. கும்பிட்டேன். படிவத்தில் 'முப்பது மீற்றருக்குள் வழிபாட்டுத் தலம்' என்ற இடத்தில் 'உண்டு' என்று சரி போட்டேன். பெக்கோக்காரர் செய்ததையே நானும் செய்தேன். அவரிடம் பட்டம் இல்லை, அதுதான் வித்தியாசம்.

பத்து நாள் கழித்து மாமா சபைக்கு வந்தார். என் மேசைக்கு முன்னால் உட்காராமல் நின்றார்.

"தம்பி, நம்ம முடக்குல கம்பம் வராதாமே?"

"பக்கத்துல சாமி இருக்கே மாமா. சட்டம் அப்புடி."

"எந்தச் சாமி?"

"என்னா மாமா, முடக்கு முனிதான்."

அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது சாமி இல்ல தம்பி. நாந்தான் வச்சேன். பெக்கோவுக்குப் பயந்துக்கிட்டு வச்சேன்."

அப்போதுதான் முழுக்கதையையும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தும்விட்டேன். அவர் நான் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வெள்ளி ஏற ஏலாமப் போச்சு தம்பி. மூணாவது வெள்ளி எப்புடியோ ஏறிட்டேன். புள்ள என்னா கேட்டுச்சு தெரியுமா? 'அப்பா, நீங்க செத்துட்டா எனக்கு எப்புடித் தெரியும்?'னு கேட்டுச்சு. நா என்னா சொல்ல? கம்பம் வந்துட்டா படுத்துக்கிட்டே எடுத்து, இருக்கேன் புள்ளன்னு ஒரு வார்த்த சொல்லிப்புடுவேன்ல. அவ்வளவுதான் வேணும்."

"அப்ப வெசாரணையில வந்து இத அப்புடியே சொல்லுங்க மாமா. உண்மையச் சொன்னா வேல முடிஞ்சிது."

"சொன்னா, அதுக்கப்புறம் என்கிட்ட பேசுவாங்களா?"

"ஏன் பேசாம? அவங்களுக்கும்தானே கவரேஜ் வருது."

படித்தவன் சொன்னதால் அவர் நம்பினார்.

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை சபை மண்டபத்தில் நடந்தது. அரைநாள் வேலையை விட்டுவிட்டு மாமாவைத் தவிர, அவருடைய மேற்பிரிவிலிருந்து இன்னும் இருபத்துமூன்று பேர் வந்திருந்தார்கள். கம்பனியிலிருந்து ஃபாஸில் என்ற இளம் பொறியியலாளர் வந்திருந்தார். முடக்கு சரிவராவிட்டால் மூன்று கிலோமீற்றர் கீழே சந்தியில் நடலாம் என்று ஒரு யோசனை இருந்ததால், அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கும் மக்பூல் நானாவையும் அழைத்திருந்தோம்.

தலைமை தாங்கிய சபைத் தவிசாளர் கேட்டதும் மாமா எழுந்தார். கல், பெக்கோ, மஞ்சள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். 

முதலில் அதே லயத்து ராக்காயி அக்காதான் வாயைத் திறந்தாள். "அப்ப நா பொங்கல் வச்சது யாருக்கு? பாறாங்கல்லுக்கா?" சிலர் சிரித்தார்கள். 

மீனம்மா அக்கா சிரிக்கவில்லை. "அண்ணே, அந்தப் பாதையில வேற கல்லே இல்லையா? அந்தக் கல்லுக்குப் பூசச் சொல்லி ஒங்க கையப் புடிச்சது யாரு? நீங்க வச்சீங்க, சரி. வந்து உக்காந்தது அது. எந்திரின்னு சொல்ல நீங்க யாரு?"

மாமா மெல்ல உட்கார்ந்தார். 

"கம்பத்தை நூறடி தள்ளி நட ஏலாதா?" என்று தவிசாளர் கேட்டார். ஒரு பக்கம் மலை மறைக்கிறது, மறுபக்கம் மண் சரிகிற இடம் என்றார் ஃபாஸில். அப்படியானால் கல்லை நகர்த்தலாமா என்ற கேள்விக்கு ஃபாஸிலே முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். "எங்கட ஆக்கள் ஒருத்தரும் அதுல கை வைக்க மாட்டாங்க சேர்."

"கம்பம்னு ஒண்ணு வேணாம்ங்க" என்றாள் ராக்காயி அக்கா. "சாமி தலைக்கு மேல இரும்பா? அதோட, வீட்லயே லைன் கெடச்சா முனியப் பாக்க எவ படியேறி வருவா?"

தவிசாளர் விதிக் கொப்பியைப் புரட்டினார். "சரி, இந்தத் தலத்துக்கு நிர்வாகி யாரு?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். எண்ணெய் ஊற்றியவர், விபூதி கொடுத்தவர், வேறு யார்? அந்த நொடியில்தான் ஒன்பதாம் விதி எனக்கு ஞாபகம் வந்தது. நிர்வாகியின் எழுத்துமூலச் சம்மதம் இருந்தால் வேறு தடையில்லை. நான் திருத்தி எழுதிய வரி அது. ஆமாங்க, நாந்தான் என்று சொல்லி அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். கம்பம் வந்துவிடும். உண்மையைச் சொல்லச் சொன்ன நேரத்தில் அவரிடம் இந்த வரியை எடுத்துக் காட்டியிருக்க வேண்டும். நான் போட்ட சரியை அழிப்பதைப் பற்றியே யோசித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

"ஐயா, நீங்கதானே நிர்வாகி?" என்று தவிசாளர் இரண்டாம் தடவை கேட்டார்.

நான் கண்ணைக் காட்டினேன். ஆம் என்னும்படி தலையை ஆட்டினேன். மாமா என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்லச் சொல்லித்தான் தம்பி சாடை காட்டுகிறது என்று நினைத்திருப்பார்.

"இல்லைங்க. அது சாமியே இல்லைங்கறேன். நா எப்புடிங்க நிர்வாகியா இருக்க ஏலும்?"

'நிர்வாகி எவருமில்லை' என்று செயலாளர் எழுதினார். நிர்வாகி இல்லாத இடத்தில் வழிபடுவோரில் பெரும்பாலானோரின் விருப்பமே விதிப்படி முடிவு. கையை உயர்த்தச் சொன்னார்கள். வேண்டாம் என்று இருபத்துமூன்று கை எழுந்தது. மாமாவும் கையை உயர்த்தினார், வேண்டும் என்று. நீங்கள் வழிபடுபவரா என்று செயலாளர் கேட்டார். அவர் கையை இறக்கிக்கொண்டார்.

"நம்ம சந்தியில நடுங்க சேர், எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்ல" என்றார் மக்பூல் நானா. வெளியே வந்ததும் மாமாவின் தோளைத் தொட்டார். "அழகுமுத்தண்ணே, வெள்ளிக்கெழம நம்ம கடப் பக்கம் வாங்க."

சந்தியில் ஆகஸ்டில் கம்பம் நட்டார்கள். கீழ்ப்பிரிவில் இருக்கிற எங்கள் வீட்டில் இப்போது நான்கு கோடு. மேற்பிரிவு லயத்துக்கு அது எட்டவில்லை.

முடக்கில் முனிக்குத் தகரக் கூரை போட்டுக் கம்பிக் கதவும் வைத்துவிட்டார்கள். சாவி மீனம்மா அக்காவிடம் இருக்கிறது. மாமாவை வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விசாரணைக்குப் பிறகு இரண்டு வெள்ளிக்கிழமை அவர் படியேறிப் போனார். அவர் வந்ததும் பேச்சு நின்றது. யாரோ விபூதியை நீட்டினார்கள். கறி என்ன என்று எவரும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் அவர் மதகில் நிற்காமல் நேரே சந்திக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார்.

செப்டெம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, வெளிவேலை முடிந்து வருகிற வழியில் மழைக்காக மக்பூல் நானாவின் கடைக்குள் ஒதுங்கினேன். மாமா உள்ளே அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நூற்று நாற்பது படியை ஏறி முடிக்க இப்போது அவருக்கு ஒரு மணி நேரம் ஆகிறதாம். மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க மதியச் சோற்றை விட்டுவிடுகிறார். முட்டியில் துணி சுற்றியிருந்தது. என்னைக் கண்டதும் "வா தம்பி" என்றார், வழக்கம்போல. எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்ல வாயெடுத்தபோது போன் அடித்தது, முகம் பார்த்துப் பேசுகிற வீடியோ கோல். போனை முகத்துக்கு மிக நெருக்கமாகப் பிடித்துக்கொண்டார், பின்னால் எதுவும் தெரியாதபடி.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"வீட்லதான் புள்ள. வேற எங்க? கம்பம்தான் போட்டாச்சே. படுத்துக்கிட்டேதான் பேசுறேன்."

வெளியே லொறி ஒன்று ஹோர்ன் அடித்தது.

"என்னாப்பா அது சத்தம்?"

"மேல பாதையில லொறி போகுது."

"முட்டி எப்புடி?"

"இப்ப என்னா, படி ஏறுற வேலையே இல்லையே. நல்லாருக்கு."

கடைக்கு வந்த பெண் ஒருத்தி சீனி கேட்டாள். மக்பூல் நானா விரலை உதட்டில் வைத்தார். அவள் ஒன்றும் விளங்காமல் நின்றாள்.

"அப்பா, அம்மா படத்தக் கொஞ்சம் காட்டுங்களேன். பாத்து எத்தன நாளாச்சு. அங்கதானே செவுத்துல இருக்கு?"

மாமா போனைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு நானாவைப் பார்த்தார்.

"கரண்டு இல்ல புள்ள" என்றார். "ஒரே இருட்டா இருக்கு."

மக்பூல் நானா கையை நீட்டி, மாமாவின் தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்த பல்பை அணைத்தார். மழை மூட்டத்தில் கடை இருண்டது. அவர்கள் பேசி முடிக்கும்வரை, வந்தவர்களுக்கெல்லாம் நானா தடவித் தடவித்தான் சாமான் எடுத்துக் கொடுத்தார்.